கொற்றங்குளத்துக் கடைசி அம்பு

கொற்றங்குளம் போரில் கடைசியாக எய்யப்பட்ட அம்பு இன்னும் போய்ச் சேரவில்லை. முந்நூறு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு ஒரு நெல்மணி நீளம் நகரும். மழை, வெயில் என்று பார்ப்பதில்லை, பொங்கலன்றுகூட நகரும். அது போய்ச் சேர்ந்தால்தான் போர் முடிந்ததாகக் கணக்கு என்பதால், களத்தை இருந்தது இருந்தபடியே வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் திறப்பார்கள். செருப்போடு போகலாம்.

அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குக் காது குத்துவது அந்த அம்பில்தான். ஆசாரியின் ஊசி சுருக்கென்று இறங்கிவிடும், குழந்தை வீறிடும். அம்பு அப்படிச் செய்யாது. ஒரு காதுச் சோணையைத் தாண்ட அதற்குக் காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் ஆகும். அவ்வளவு சாவகாசமாக வருகிற வலியை எந்தக் குழந்தையும் வலி என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அம்பு காதுக்கு வர வேண்டும். காது அம்புக்குப் போகக் கூடாது. போனால் அது காது குத்தினதாக ஆகாது, இடித்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

அனுசுயா தன் ஏழு மாதக் குழந்தை மிதுவைத் தோளில் சாய்த்துக்கொண்டு களத்துக்குள் நுழைந்தபோது, அவள் பையில் குழந்தைக்கான துணி, வெந்நீர், மருந்து, மாற்றுத் துணி, மாற்றுத் துணி நனைந்தால் மாற்ற ஒரு துணி எல்லாம் இருந்தன. மிது பிறந்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றிலும் பயம். மின்விசிறி கழன்று விழுமோ என்று பயம். விழாவிட்டால் ஏன் விழவில்லை, எப்போது விழப் போகிறது என்று பயம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று திராட்சைப் பழம் வீட்டுக்குள் வருவதில்லை. இப்போது இந்த அம்பு. எவ்வளவு மெதுவாக வந்தாலும் அம்பு அம்புதானே என்று அவளுக்கு இருந்தது. காது குத்த வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அதை வீட்டில் சொல்ல முடியவில்லை. வண்டியில் சொல்ல முடியவில்லை. களத்தில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று வந்திருந்தாள்.

சொல்ல வேண்டியது வடிவு மதினியிடம். வடிவு மதினி அனுசுயாவின் கணவனுக்கு மூத்த அக்கா. கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மதினி எந்த வேலையிலும் இல்லாததால் அவளுக்கு லீவு தேவைப்படவில்லை. யாரிடமோ பேசி, எப்படியோ இந்தத் தேதியை வாங்கியிருந்தாள்.

"ஏட்டி, மெதுவா நட. புள்ள தூக்கத்துல இருக்கும்போதே உக்கார வெச்சிருவோம்" என்றாள் மதினி. "இன்னும் ரெண்டு மாசத்துல அம்பு போய்ச் சேந்துரும். அதுக்கப்புறம் எந்தப் புள்ளைக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. நம்ம மிதுதான் கடைசி. பேப்பர்ல வந்தாலும் வரும்."

"சரி மதினி" என்றாள் அனுசுயா. சொல்ல வந்தது அது அல்ல.

அவள் தம்பி கிருபா பின்னால் வந்துகொண்டிருந்தான். தாய்மாமன் என்பதால் பட்டு வேட்டி கட்டியிருந்தான். வேட்டி நிற்காது என்ற சந்தேகத்தில் அதற்கு மேல் பெல்ட்டும் போட்டிருந்தான்.

அம்பு களத்தின் தென்கோடியில் இருந்தது. ஒரு காலத்தில் ஆளுயரத்தில் வந்ததாம். வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மார்பு உயரத்தில் நின்றது. வெயில் படாமல் இருக்க அதற்கு மேலே ஒரு பந்தல். பறவைகள் உட்காராமல் இருக்க ஒரு துணிப் பொம்மை. அம்பு புறப்பட்ட இடம் வடகோடி. அங்கே வில்லாளி நின்றுகொண்டிருந்தார். முதலில் எய்தவரின் வம்சம். அம்பு சேரும் வரை வில்லை இறக்கக் கூடாது என்பதால் வெறும் வில்லை நீட்டிப் பிடித்தபடியே நிற்கிறார். தூரத்தில் பார்க்க, யாரோ காயப்போட்ட துணி மாதிரி தெரிந்தார்.

அம்புக்கு எதிரே நாற்காலியில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அவர்தான் குறி. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அம்பு யாரைப் பார்த்து விடப்பட்டதோ அவருடைய வழியில் வந்தவர். அப்பாவுக்குப் பிறகு இந்த வேலை இவருக்குக் கிடைத்திருந்தது. மாதச் சம்பளம், சீருடை, தீபாவளிக்குப் புதுச் சட்டை. அம்புக்கும் அவர் சட்டைப்பைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அந்த முழத்துக்குள்தான் தாய்மாமன் உட்கார வேண்டும். அதனால் ஆவுடையப்பன் கால்களை அகட்டி வைத்துக்கொள்ள, அவருடைய முழங்கால்களுக்கு நடுவே தரையில் ஒரு மணையைப் போட்டு, அதில் கிருபாவை உட்கார வைத்தார்கள். தலை வாரிவிட உட்கார்ந்த பிள்ளை மாதிரி அவன் உட்கார்ந்தான்.

"தம்பி, தலையில எண்ணெய் வெச்சிருக்கீங்களா? சீருடைல பட்டா போகாது" என்றார் ஆவுடையப்பன்.

"ஜெல்லுதான் அண்ணாச்சி."

"அப்ப சரி."

களக் காப்பாளர் ரோஸ்லின் வந்து உயரம் பார்த்தாள். கழுத்தில் விசில் தொங்கியது. மிதுவைக் கிருபாவின் மடியில் வைத்து, இடது காதுச் சோணை அம்பு நுனிக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும்படி சரிசெய்தாள். மிதுவின் பின்பக்கத்தில் துணியை மடித்து வைத்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இன்னொரு மடிப்பு வைத்தாள்.

"இனிமே யாரும் அசையக் கூடாது. அம்பு வரும்" என்றாள்.

ரோஸ்லினின் குரல், அனுசுயா படித்த கான்வென்ட்டில் பிரேயருக்கு வரிசை நிறுத்திய சிஸ்டரின் குரல் போலவே இருந்தது. அந்தக் குரலுக்கு முன்னால் கை தூக்காமல் பேச அனுசுயாவுக்கு வராது. அவள் கையைத் தூக்கினாள்.

ரோஸ்லின் பார்த்தாள். "அந்த வேப்பமரத்துக்குப் பின்னாடி. தண்ணி வரலைன்னா பக்கத்து வாளியில இருக்கும்" என்றாள்.

அனுசுயா வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். சொல்லப்பட்டபின் போகாமல் இருப்பது மரியாதை அல்ல. சிறிது நேரம் கழித்து மறுபடியும் கையைத் தூக்கினாள். மறுபடியும் அனுப்பப்பட்டாள்.

இரண்டாம் முறை அவள் திரும்பி வந்தபோது வடிவு மதினி பந்தல் நிழலில் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி, வயித்துக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. நான் ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லு."

ஆவுடையப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குறி சாயக் கூடாது என்பதால், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாற்காலியில் முதுகு சாய்த்ததே இல்லை. அனுசுயா அவர் பக்கத்தில் போய் நின்று, தணிந்த குரலில், "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"எதுக்குத் தாயி?"

"அம்பு வருதே."

"அதுபாட்டுக்கு வருது. நானும் சின்ன வயசிலிருந்து பாக்கேன், ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல." அவர் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். "வீட்டுலதான் கொஞ்சம் சடைச்சுக்கிடுவாங்க. சட்டையில ஓட்டை விழுந்தா தைக்க முடியாதாம்."

"ஓட்டை சட்டைல மட்டுமா விழும்?" என்றான் கிருபா, கீழேயிருந்து.

"தம்பி, நீங்க பேசினா புள்ள ஆடுது" என்றார் ஆவுடையப்பன்.

வடகோடியிலிருந்து மெல்லிய குரலில், "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று வில்லாளி கேட்டார். "ஆச்சு, ஆச்சு" என்று மதினி இங்கிருந்து கத்தினாள். போர் ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சாப்பாடு பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

மயிரிழை இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அனுசுயா குனிந்து பார்த்தாள். நுனி பளபளவென்று இருந்தது. மிதுவின் காதுச் சோணையில் ஒரு பூனை முடி அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை. அவள் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, தன்னையறியாமல் கையையும் தூக்கினாள். ரோஸ்லின் வேப்பமரத்தைக் காட்டினாள்.

அந்த நேரத்தில் மிது விழித்துக்கொண்டாள்.

விழித்ததும் தலையைத் திருப்பினாள். கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் நின்றுகொண்டிருந்தது. ஏழு மாதக் குழந்தைக்கு முன்னால் ஒரு பொருள் நின்றுகொண்டிருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மிது கையை நீட்டி அம்பின் தண்டைப் பிடித்தாள். அலமாரியிலிருந்து எடுப்பதுபோல அதைக் காற்றிலிருந்து எடுத்தாள். இறகு இருந்த முனையை வாய்க்குள் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள்.

வேப்பமரத்தை நோக்கி ஓரடி வைத்திருந்த அனுசுயா திரும்பி ஓடிவந்தாள். பயப்பட நேரம் இல்லை. இந்த மாதிரிச் சமயத்தில் பயம் பிறகுதான் வரும். "சீ, சீ, துப்பு. ஊசிப் போனதெல்லாம் வாயில வைக்கறியே" என்று ஆள்காட்டி விரலை வளைத்து மிதுவின் வாய்க்குள் விட்டு, ஒட்டியிருந்த இறகுத் துணுக்கை வழித்து எடுத்தாள். அம்பைப் பிடுங்கினாள். தோளில் கிடந்த துணியால் எச்சிலைத் துடைத்தாள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று படித்தவள் என்பதால், அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் பந்தலுக்கடியில், அதே உயரத்தில், காற்றில் வைத்தாள். கத்தியோ கத்திரிக்கோலோ எதை வைத்தாலும் கூரான முனை குழந்தையைப் பார்த்து இருக்கக் கூடாது. ஆகவே கூரான முனையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள்.

கையை விட்டாள். அம்பு நின்றது. பிறகு வடக்குப் பார்த்து நகர ஆரம்பித்தது.

ரோஸ்லின் விசில் ஊதினாள். களம் முழுவதும் அமைதியானது. அதற்கு முன்னாலும் அமைதியாகத்தான் இருந்தது.

"திருப்பிட்டீங்க" என்றாள் ரோஸ்லின்.

"எச்சில் பட்டிருந்தது. துடைச்சு வெச்சேன்."

"துடைச்சது சரி. திருப்பி வெச்சிருக்கீங்க. பரவாயில்ல, எடுத்துப் பழையபடி வைங்க. நாங்க தொட முடியாது. வெச்ச கைதான் எடுக்கணும்."

வடிவு மதினி எலுமிச்சைச் சாதத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். "வைட்டி, சீக்கிரம் வை. நேரம் போகுது. நான் அவளுக்குக் கல்லு வெச்ச கம்மல் வாங்கி வெச்சிருக்கேன்."

அனுசுயா அம்பைப் பார்த்தாள். அது தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வந்த வழி முந்நூறு வருஷம் என்றால் போகிற வழியும் முந்நூறு வருஷம்தான். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். ஒரு கை மிதுவைப் பிடித்திருந்தது. மற்றக் கை தன் வழக்கப்படி மேலே போயிற்று.

"வேப்பமரத்துக்கு—" என்று ரோஸ்லின் ஆரம்பித்தாள்.

அனுசுயா கையைக் கீழே இறக்கினாள். இறக்கின கையாலேயே மிதுவின் இடது காதைப் பொத்தினாள். "வேண்டாம்" என்றாள்.

"எது வேண்டாம்?" என்றாள் ரோஸ்லின்.

"நான் எடுக்க மாட்டேன். அது அந்தப் பக்கமே போகட்டும். காது குத்த வேண்டாம். அவளுக்கு வேணும்னா அவ வளந்து கேக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். அவ இன்னும் குப்புறவே ஒழுங்கா விழல, மதினி."

முழுதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு மின்விசிறி ஏதும் விழவில்லை. பந்தலில் மின்விசிறி கிடையாது என்றாலும் அவள் ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டாள்.

வடிவு மதினி வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இதைச் சொல்லவா காலையிலிருந்து கக்கூசுக்கு நடந்தே?" என்றாள்.

"ஆமா மதினி."

"வாயில சொல்ல வேண்டியதுதானே! கம்மலை இப்ப யாருக்குப் போட?"

"எனக்குப் போட்டு விடுங்க மதினி. மணையில உக்காந்தது நான்தானே" என்றான் கிருபா.

"ஒன் மூஞ்சிக்குக் கல்லு கம்மல் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் மதினி. கம்மலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இழுத்த வேகத்தில் ஜிப் கையோடு வந்துவிட்டது. அதையும் பைக்குள் போட்டாள்.

ஆவுடையப்பன் இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். "மேடம், அப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

ரோஸ்லின் அம்பு போகிற திசையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "இனிமே நீங்க குறி இல்ல. அம்பு உங்க பக்கத்துலேருந்து போகுது. அதனால நீங்கதான் எய்தவர். ஸ்டோர்லேருந்து வில் எடுத்துத் தரச் சொல்றேன். சம்பளம் அதேதான்."

"சாஞ்சுக்கலாமா?"

"வில் வர்ற வரைக்கும் சாஞ்சுக்கலாம்."

ஆவுடையப்பன் முதுகை மெல்லப் பின்னால் கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்தார். நாற்காலிக்கு முதுகு இருப்பதைத் தெரிந்துகொண்டவர் போல ஒரு தரம் முன்னால் வந்து, மறுபடியும் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வடகோடியில் இருந்தவர் விசில் சத்தத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தார். வில்லைக் கீழே வைத்தார். நீட்டியபடியே இருந்து பழகிய இடது கை நீட்டியபடியே நின்றது. "எனக்கு நாற்காலி உண்டா?" என்று கத்தினார். சாப்பாடு சம்பந்தப்படாத கேள்வி என்பதால் இந்தப் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை. ரோஸ்லின் மட்டும் ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

பிறகு அனுசுயாவிடம் வந்து, "அம்பு திரும்பினதால போரும் திரும்பும். இதுவரைக்கும் நடந்தது எல்லாம் பின்னாலேருந்து ஒவ்வொண்ணா வரும். கடைசியா விழுந்தது முதல்ல எழுந்திருக்கும். புள்ளையைத் தூக்கிட்டு நீங்க கிளம்புங்க. சத்தமா இருக்கும்" என்றாள்.

"கடைசியா விழுந்தது யாரு?" என்று கேட்டான் கிருபா. பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"யானை" என்றாள் ரோஸ்லின்.

அவர்கள் வெளியே வந்தபோது வண்டி நிறுத்துமிடம் எழுந்துகொண்டிருந்தது. மண்ணும் புல்லும் சரிந்து விழ, அதற்கு அடியிலிருந்து நான்கு கால்களும் ஒரு தும்பிக்கையும் வெளியே வந்தன. யானை உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. மற்றவர்களின் இருசக்கர வண்டிகள் உருண்டு புல்லில் விழுந்தன. கிருபா கைபிரேக் போட்டிருந்ததால் அவர்களுடைய கார் மட்டும் யானையின் முதுகில் நின்றது.

"ஹேண்ட் பிரேக் போடுடான்னு நான்தான் சொன்னேன்" என்றாள் வடிவு மதினி.

யானை அவர்களைப் பார்த்தது. அனுசுயாவின் தோளில் மிது தூங்கிப்போயிருந்தாள். வாயோரத்தில் எச்சில் வழிந்து, அம்மாவின் புடவையில் வட்டமாக நனைந்திருந்தது. யானை முன்கால்களை மடக்கிச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. முதலில் மதினி அதன் முழங்காலில் கால் வைத்து ஏறினாள். ஏறும்போது, "எந்தப் பக்கத்து யானையோ, கொழுப்பில்லாம நல்லா வளத்திருக்காங்க" என்றாள். அனுசுயா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினாள். பின் இருக்கையில் மிதுவை மடியில் கிடத்தி, மாற்றுத் துணியைப் போர்த்தினாள். இரண்டு காதுகளும் பஞ்சுபோல் ஓட்டையில்லாமல் இருந்தன. ஒன்றை விரலால் மடித்துப் பார்த்துவிட்டு, விட்டாள்.

கிருபா சாவியைத் திருப்பினான். யானை எழுந்தது. வாசல் வளைவில் கார் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்து, முதுகைத் தாழ்த்தி வெளியே வந்தது. பெரிய சாலையில் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று நின்றது.

"வீட்டுக்கா, இல்ல என்னைய முதல்ல பஸ் ஸ்டாண்டுல விட்டுருதியா?" என்றாள் மதினி.

"வீட்டுக்கே வாங்க மதினி. சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றாள் அனுசுயா.

கிருபா இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டான். டிக் டிக் என்று சத்தம் வந்தது. யானை அதைக் கேட்டு, இடது காதை வெளியே விரித்துக் காட்டிவிட்டு, இடது பக்கம் திரும்பியது.